ஏழு புட்டிகள், ஏழு மரங்கள்

பீரைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் கிடைக்காமல் போவது சொல். குடியைப் பற்றி நம்மிடம் ஏராளமான சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவை திட்டுவதற்கும் அழுவதற்கும் மேடையில் முழங்குவதற்கும் ஆனவை. ஒரு வாய் அருந்திவிட்டு, அது நாக்கில் என்ன செய்கிறது என்று சொல்ல இன்றைய தமிழில் வழியே இல்லையோ என்று தோன்றும்.

2023இல் இந்தச் சிக்கல் என் மேஜைக்கு வந்தது. சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்காக ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. பெரிய கிண்ணத்தில் சுடச்சுட ஏல் என்ற பீர். அதில் சர்க்கரை, இஞ்சி, துருவிய சாதிக்காய். மேலே மிதக்கும் சுட்ட ஆப்பிள்கள். கிண்ணம் கை மாறுகிறது. ஒவ்வொருவரும் 'வாஸெய்ல்' என்று சொல்லிக் குடிக்கிறார்கள். நான் எழுதி அனுப்பியதைப் பதிப்பாசிரியர் 'மசாலா பானகம்' என்று திருத்தி அனுப்பியிருந்தார். ராமநவமிக்குக் கோவிலில் கொடுக்கிற பானகத்தை இங்கிலாந்துக் குடியானவர்கள் டிசம்பர் குளிரில் குடித்துக்கொண்டிருந்தார்கள்!

அவர் மீது தவறில்லை. பள்ளி நூலகங்களுக்குப் போகிற புத்தகத்தில் பீர் வேண்டாமே என்று நினைத்தார். ஆனால் தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு எனக்குச் சங்க இலக்கியம் நினைவுக்கு வந்து தொலைத்தது. கள், நறவு, மட்டு, தேறல், பிழி, அரியல், தோப்பி என்று எத்தனை சொற்கள். தோப்பி என்பது நெல்லில் செய்தது. அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. புறநானூற்றில் தேள் கொட்டினாற்போல் கடுக்கும் பழந்தேறல் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் கிட்டத்தட்ட ஒரு செய்முறைக் குறிப்பே இருக்கிறது. அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்து அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து, சாடியில் முதிரவிட்டு வடித்தெடுக்கிறார்கள். முளைவிட்ட தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை நொதித்துச் சாராயச் சத்தாகும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி வறுத்து ஐரோப்பியர்கள் செய்வதன் அடிப்படையும் இதுவேதான். வகுப்பில் எங்கள் பேராசிரியர் இந்த வரிகளை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவியது ஞாபகம் இருக்கிறது.

வாஸெய்ல் என்பதும் குடிக்கிற சொல் அல்ல, வாழ்த்துகிற சொல். பழைய வடநாட்டு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'நலமாயிரு' என்று பொருள். தமிழில் இதற்கு 'வாழி' என்ற இரண்டெழுத்துப் போதும். இலக்கணக்காரர்கள் அதைச் சில இடங்களில் பொருளில்லாத அசைச்சொல் என்று ஒதுக்குவார்கள் என்பது வேறு விஷயம்.

பீரில் வாசனைப் பொருள் போடுவது புதிய நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. இன்று பீருக்குக் கசப்பைத் தருகிற ஹாப்ஸ் என்ற பூ பரவலாவதற்கு முன் ஐரோப்பாவில் சதுப்பு நிலச் செடிகளையும் காட்டு மூலிகைகளையும் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள். 1516இல் பவேரியாவில் வந்த சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது. பெல்ஜியத்துக்காரர்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அல்ல. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கோதுமை பீர் காய்ச்சினார்கள். அந்த வகை வழக்கொழிந்து கிடந்ததை ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்பவர் 1966இல் மீட்டார். நம் ரசப்பொடியின் தலைமைச் சரக்கு அங்கே பீருக்குள் கிடக்கிறது.

நார்வேயின் கதை இன்னும் விசித்திரம். அங்கே குலாடிங் என்ற பழைய சட்டத்தின்படி ஒவ்வொரு விவசாயியும் கிறிஸ்துமஸுக்கு ஏல் காய்ச்சியே தீரவேண்டும். நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் அதை அர்ப்பணிக்க வேண்டும். தவறினால் அபராதம். தொடர்ந்து மூன்று ஆண்டு காய்ச்சாதவன் சொத்தையே இழப்பான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது காய்ச்சியவன் சிறைக்குப் போனான். 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. காய்ச்சாதவனைத் தண்டித்த அரசு, காய்ச்சியவனைத் தண்டித்த அரசு, தானே விற்கிற அரசு - மூன்றையும் ஒரே பத்தியில் எழுத நேர்வது பத்திரிகைக்காரனுக்குக் கிடைக்கிற சிறு சந்தோஷம்.

இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வாசனை பீரை வாயில் வைத்துப் பார்த்தது 2023 டிசம்பரில், கலிபோர்னியாவில், அக்கா வீட்டில். எங்கள் குடும்பத்தில் அது சாதாரண சமாசாரம் அல்ல.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தானுக்குக் கம்ப்யூட்டர் வேலை. 2016இல் சான் பிரான்சிஸ்கோவுக்குச் சற்றுத் தள்ளி ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்போதே எழுபதைத் தாண்டியவர். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் கதவைத் தட்டி, ஒன்றரை லிட்டர் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆங்கர் கம்பெனியின் கிறிஸ்துமஸ் ஏல்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் பீர் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படும் நிலையில் இருந்த ஆங்கர் பீர் ஆலையை 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் வாங்கினார். வாஷிங் மெஷினுக்குப் பேர்போன மேடாக் குடும்பத்து வாரிசு. துணி துவைக்கிற பணம் பீரில் கரைகிறது என்று அன்று யாராவது சிரித்திருக்கக்கூடும். ஆனால் அமெரிக்காவில் பிற்பாடு ஆயிரக்கணக்கில் முளைத்த சிறு பீர் ஆலைகளுக்கு அவரே முன்னோடி. 1975இல் முதல் கிறிஸ்துமஸ் ஏலை வெளியிட்டார். அதிலிருந்து ஆண்டுதோறும் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் செய்முறை மாறும். லேபிளில் இருக்கும் மரமும் மாறும். ஜிம் ஸ்டிட் என்ற ஓவியர் பல பத்தாண்டுகள் இந்த மரங்களைக் கையால் வரைந்து கொடுத்தார். முதல் சில ஆண்டுகள் வாசனைப் பொருள் கிடையாது. 1987இலிருந்துதான் அது சேர்ந்தது. என்னென்ன போட்டோம் என்பதைக் கம்பெனி ஒருபோதும் சொன்னதில்லை. சாதிக்காயா, கிராம்பா, ஊசியிலைக் கொழுந்தா என்று குடிப்பவர்கள் பந்தயம் கட்டிக்கொள்வார்கள். நவம்பர் தொடக்கத்தில் கடைக்கு வரும், ஜனவரிக்குள் தீர்ந்துவிடும். பெரிய புட்டிகளைச் சிலர் திறக்காமல் வருடக்கணக்கில் வைத்திருந்து, பல ஆண்டுப் புட்டிகளை ஒரே மாலையில் திறந்து ஒப்பிடுவதும் உண்டு.

இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அது புட்டி.

அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மாலையில் வரும்போது செய்தித்தாளில் சுற்றிய கால் புட்டி பிராந்தி கூடவே வரும். அடித்தார், உடைத்தார் என்றெல்லாம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, யாருடனும் பேசாமல், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடிப்பார். பிறகு சாப்பிடாமல் படுத்துவிடுவார். அம்மா தட்டைப் போட்டு மூடி வைத்துக் காத்திருப்பாள். எங்கள் வீட்டில் அந்தப் பொருளுக்குப் பெயரே கிடையாது. 'அது' என்போம். 'இன்னிக்கு அது உண்டா?' என்று அம்மா கேட்பாள். வாசற்படியில் வாசனை பிடித்து அக்கா பதில் சொல்வாள். 1996இல் கல்லீரல் கெட்டு அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு வயது. மொழிபெயர்ப்பாளனுக்குச் சொல் கிடைக்கவில்லை என்று முதலில் சொன்னேனே, அந்தப் பஞ்சம் எங்கள் திண்ணையிலேயே ஆரம்பித்துவிட்டது.

ஆகவே 2016இல் அந்தப் புட்டியை அக்கா வீட்டுக்குள் எடுக்கவில்லை. வயதானவர் ஆசையாகக் கொடுத்ததைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. "கராஜ்லயே வெச்சிருங்க" என்றாள் அத்தானிடம். அடுத்த டிசம்பரில் இன்னொன்று வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. பதிலுக்கு அக்கா முறுக்கும் ரவா லட்டும் கொடுத்தாள். பெயின்ட் டப்பாக்களுக்கும் பழைய சூட்கேஸ்களுக்கும் நடுவே, மர அலமாரியில், 2022 வரை ஏழு புட்டிகள் சேர்ந்துவிட்டன. ஏழிலும் ஏழு மரங்கள். ஒரு நாள் அந்த அம்மையார் எதற்கோ கராஜுக்கு வந்து அந்த வரிசையைப் பார்த்திருக்கிறார். அக்கா கூசிப்போய் நின்றாளாம். அவரோ கண் கலங்கி, "நீங்கள் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள்! என் கணவரும் இப்படித்தான் சேர்ப்பார்" என்றாராம். அக்கா மறுக்கவில்லை.

2023 ஜூனில் ஆங்கர் கம்பெனி, இனி கிறிஸ்துமஸ் ஏல் கிடையாது என்றது. ஜூலையில் ஆலையையே மூடப்போவதாக அறிவித்தது. மேடாக் 2010இலேயே விற்றுவிட்டுப் போயிருந்தார். 2017இல் அது ஜப்பானின் சப்போரோ கம்பெனி கைக்கு மாறியிருந்தது. விற்பனைச் சரிவு, கொரோனா, விலைவாசி என்று காரணங்கள் சொல்லப்பட்டன. 48 ஆண்டுகளாக வந்த மரம் அந்த ஆண்டு வரவில்லை.

டிசம்பர் 24 மாலை அந்த அம்மையார் வெறுங்கையோடு வந்தார். வெறுங்கை என்றால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஆனால் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். இந்த ஆண்டு கிடைக்கவில்லை, எங்குமே இல்லை என்றார். நானும் அத்தானும் ஹாலில் இருந்தோம். அக்கா அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கராஜ்ல அந்த வரிசையில மொதல்ல இருக்கறதையும் கடைசியா இருக்கறதையும் எடுத்துட்டு வாடா."

நான் டெல்லியில் இருபது வருடமாகப் பத்திரிகையில் குப்பை கொட்டுகிறவன். குடித்தே அறியாதவன் அல்ல. ஆனால் அக்கா முன்னால் கையில் தம்ளர் பிடித்ததில்லை. அத்தான் என்னைவிட மோசம். புட்டியைத் திறக்கும்போது கை நடுங்கியது. வீட்டில் பீர்க் கோப்பை ஏது? பில்டர் காபிக்கு வைத்திருந்த எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றினோம். கண்ணாடியில் ஊற்றி நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் சொன்னதால் ஊறுகாய் பாட்டில் ஒன்று கழுவப்பட்டது.

முதலில் 2022. நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் சிவப்பு. நுரை வெள்ளை அல்ல, பழுப்பு. மூக்குக்கு முதலில் வருவது வறுத்த தானியம் - காபிக்கொட்டைக்கும் தீய்ந்த வெல்லத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. அதன் பின்னால் சாதிக்காய். அதற்கும் பின்னால் குங்கிலியம் புகைத்த அறைபோல் ஒரு பிசின் வாசம். வாயில் வைத்தால் இனிப்பு முதலில் வந்து சீக்கிரம் போய்விடுகிறது. பிறகு நாக்கு லேசாக மதமதக்கிறது. கிராம்பைக் கடித்தால் வருமே, அதன் பத்தில் ஒரு பங்கு. கடைசியில் கசப்பு. பாகற்காய்க் கசப்பு அல்ல, வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. தொண்டை தாண்டிய பின் நெஞ்சில் ஒரு சூடு. ஆல்கஹால் சுமார் ஏழு சதவீதம். வழக்கமான பீரைவிடக் கூடுதல்.

2016இன் கதை வேறு. நுரை எழும்பவே இல்லை. ஏழு வருடத்தில் வாசனைப் பொருள்கள் தனித்தனியாக அடையாளம் தெரியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. கசப்பும் அடங்கிவிட்டது, ஹாப்ஸின் குணம் அது, நாளாக நாளாகக் குறையும். மிஞ்சியது உலர் திராட்சை, பேரீச்சை, அப்புறம் பழைய புளி. ஜாடியில் உப்புப் போட்டு அடைத்து வைத்த புளியைத் திறந்தால் வருகிற அதே மணம். கூடவே நனைந்த அட்டைப் பெட்டி வாடையும் கொஞ்சம். கராஜ் வெயிலில் வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார் அம்மையார், ஆசிரியைக் குரலில். எனக்குப் பழையதுதான் பிடித்தது. சுவைத்துப் பழகியவர்கள் புதியதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மையார் தன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் இருந்தார். கணவர் உயிரோடிருந்த கடைசிக் கிறிஸ்துமஸில் வாங்கியது 2015ஆம் ஆண்டுப் புட்டி. அடுத்த ஆண்டு தனியாக அவ்வளவு பெரிய புட்டியை என்ன செய்வது என்று தெரியாமல்தான், புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாராம். ஏழு வருடமாக இதை அவர் சொல்லவில்லை. அக்காவும் தன் பக்கத்தைச் சொல்லவில்லை.

இதற்குள் அக்கா என் தம்ளரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அத்தான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் மோந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள். வாசற்படியில் நின்று கண்டுபிடிக்கிற அந்த மூக்கு.

"உரைமருந்து" என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கைக்குழந்தைகளுக்குக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டுவார்களே, சாதிக்காய், மாசிக்காய், வசம்பு, சுக்கு - அது. அக்கா தன் இரண்டு பெண்களுக்கும் இழைத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அம்மா இழைத்ததை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். "சாதிக்காய்தான்டா. கம்பெனிக்காரன் சொல்லாட்டா என்ன?" என்றவள், ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "கஷாயம் ஆறிப்போச்சு." அதை ஆங்கிலத்தில் அம்மையாருக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாதிதான் சொன்னேன். அதற்கே அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தப் பண்டங்கள் நமக்கு அந்நியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏலம், இலவங்கம், சாதிக்காய், தக்கோலம், கர்ப்பூரம் - இந்த ஐந்துக்கும் பஞ்சவாசம் என்று பெயர் வைத்தோம். வெற்றிலையோடு சேர்த்து விருந்துக்குப் பின் மென்றோம். அவர்கள் குடிக்கிற கிண்ணத்தில் போட்டார்கள், நாம் தாம்பூலத்தில் போட்டோம். வழியில் பெயர்கள்தான் குழம்பின. இலவங்கம் என்றால் கிராம்பு. ஆனால் இலவங்கப்பட்டை வேறொரு மரத்தின் பட்டை. இலங்கைத் தமிழர்கள் அதைக் கறுவா என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். சமையல் குறிப்பு மொழிபெயர்க்கிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது.

அன்று நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு புட்டிகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அத்தான் மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினார். அக்கா லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, அம்மையாரிடம் ஒன்று கொடுத்துவிட்டு ஒன்றைத் தான் வைத்துக்கொண்டாள். இரவு பாத்திரம் கழுவும்போது, "அப்பாவுக்கு இப்படி நாலு பேரா உக்காந்து குடிக்கத் தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "தெரிஞ்சிருந்தாலும் குடிச்சிருப்பார்டா. அவர் வியாதி அது" என்றாள். அக்காவுக்கு என்னைப் போல் எதையும் கதையாக்கத் தெரியாது.

நாவல் 2024இல் அச்சானது. வாஸெய்ல் 'வாழி' ஆகவே இருக்கிறது. பானத்துக்குத் 'தோப்பி' என்று போட ஆசைப்பட்டேன். அது நெல், இது பார்லி, மனசாட்சி ஒப்பவில்லை. 'காரமிட்ட ஏல்' என்பதும் சரியில்லை, சாதிக்காய் காரமா? கடைசியில் 'வாசமிட்ட பீர்' என்று போட்டேன். பதிப்பாசிரியர் விட்டுக்கொடுத்தார், பள்ளி நூலகங்கள் வாங்கினவா என்று நான் விசாரிக்கவில்லை.

அதே 2024 மே கடைசியில் அக்காவின் போன் வந்தது. "தயிர்க்காரர் வாங்கிட்டாராம்டா அந்தக் கம்பெனியை!" சோபானி என்ற தயிர்க் கம்பெனியை நடத்தும் ஹம்தி உலுகாயா ஆங்கரை வாங்கிய செய்தி அது. அக்கா செய்தியைப் படித்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அந்த டிசம்பரில் 2017ஆம் ஆண்டுப் புட்டியைத் திறந்தார்களாம். அத்தானும் அம்மையாரும் குடித்தார்கள். அக்கா அதிரசம் சுட்டாள். நான்கு புட்டிகள் மீதம் இருந்தன. "கராஜ்ல இல்லடா இப்ப. சூடு ஆகாதுன்னு அன்னிக்கே அந்தம்மா சொன்னாங்களே" என்றாள் போனில். "மாடிப்படிக்குக் கீழே, அரிசி டின்னுக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன்."